இலையை எந்தப் பக்கம் வைக்கட்டும் சார்?

எங்கள் ஊரில் டிசைன் வேலை பார்க்கிற பலருடைய கம்ப்யூட்டரிலும் 'கிராஃப்ட்' என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும். ஊர் சிவகாசி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஃபோல்டருக்குள் நிஜமான பழுப்புக் காகிதத்தை ஸ்கேன் பண்ணி வைத்த படங்கள் இருக்கும். நார் தெரிகிற மாதிரி ஒன்று, கசக்கிப் பிரித்த மாதிரி ஒன்று, ஓரம் கிழிந்த மாதிரி ஒன்று. பார்ட்டி போன் பண்ணி "நேச்சர் ஃபீல் வேணும்" என்றால் அதில் ஒன்றை எடுத்து அடியில் விரிப்போம். மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல எழுத்து, மூலையில் கையால் வரைந்தது போல ஒரு இலை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

போன வருடம் வந்த அப்படியொரு வேலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கான நொறுக்குத்தீனி. மக்காச்சோள மாவில் செய்து மசாலா தூவியது. பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குமே, அந்தப் பத்து ரூபாய் பாக்கெட். பழைய டிசைன் ஆரஞ்சும் சிவப்புமாகக் கண்ணைப் பறித்தது. அதை மாற்றிப் 'பசுமையா' வேண்டும் என்றார்கள். அவர்களுடைய கார்ட்டூன் அணில் அதுவரை ஸ்கேட்டிங் பலகையில் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் அது மரக்கிளையில் உட்கார்ந்து கையில் இலை பிடித்திருக்க வேண்டும்.

அவர்கள் அனுப்பிய குறிப்பில் 'பூமியின் தோழன்' என்று ஒரு வரி இருந்தது. அணிலுக்குக் கீழே அதை வளைத்துப் போட்டு லேஅவுட் அனுப்பினேன். மறுநாள் கம்பெனியின் மார்க்கெட்டிங் தம்பி கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க. லீகல்ல விட மாட்டேங்கிறாங்க. எழுத்தா எதுவும் வேண்டாம், படத்துலயே கொண்டு வந்துடுங்க."

"சரி. இலையை எந்தப் பக்கம் வைக்கட்டும் சார்?"

"பேருக்குப் பக்கத்துலயே வைங்க. கொஞ்சம் பெருசா."

லீகலில் ஏன் விடவில்லை என்று பிறகு தேடிப் படித்தேன். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கிரீன்வாஷிங்குக்கு, அதாவது இல்லாத பசுமையை இருப்பதுபோலக் காட்டி விற்பதற்கு, எதிராக வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. 'இகோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன்', 'பூமிக்கு நல்லது' மாதிரிப் பொத்தாம்பொதுவான வார்த்தைகளை இனிச் சும்மா போட முடியாது. போட்டால் எதை வைத்துச் சொல்கிறாய், பொருளையா பாக்கெட்டையா, ஆதாரம் எங்கே என்பதெல்லாம் சொல்லியாக வேண்டும். நல்ல காரியம்தான். அதே ஆணையத்திடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கொடுத்த அதிகாரம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கம்பெனி வக்கீல்கள் உஷாராக இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கிரீன்வாஷிங் என்றால் என்ன என்று விளக்குகிற இடத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. பொதுவான நிறங்களும் படங்களும் அதில் சேராது, அவை ஏமாற்றாத வரைக்கும். 'ஏமாற்றாத வரைக்கும்' என்ற வால் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. தவறான எண்ணம் தருகிற சின்னமும் படமும் கூடாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஒரு வக்கீல் மெனக்கெட்டால் என் பழுப்பு நிறத்தையே கூண்டில் ஏற்றலாம். யார் மெனக்கெடுவார்? 'பூமியின் தோழன்' என்று அச்சில் இருந்தால் அடிக்கோடு போட்டுக் காட்டலாம். பழுப்பு நிறத்தைப் புகார் மனுவில் எப்படி எழுதுவது?

வாங்குகிறவர் பெரியவராக இருந்தால் இந்த ஏற்பாடு ஓரளவுக்குச் செல்லும். அவர் திருப்பிப் பார்ப்பார், வாசிப்பார், சந்தேகப்படுவார். இந்தப் பாக்கெட்டை வாங்குகிறவருக்கு ஏழு வயது. சட்டம் வாக்கியங்களைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை படத்தை வாசித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

என் மகள் மூன்றாம் வகுப்பு. சாம்பிள் பவுச் வந்த அன்று பழையதையும் புதியதையும் அவள் முன்னால் வைத்து, "இதுல எது பாப்பா மரத்துக்கு நல்லது?" என்றேன். யோசிக்கவே இல்லை, புதியதைத் தொட்டாள். "இது பேப்பருப்பா. மக்கிடும்." மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. காகிதம் எந்த டப்பா, பிளாஸ்டிக் எந்த டப்பா என்று எனக்கே சொல்லித் தருவாள். பள்ளிக்கூடம் பாடுபட்டு எந்த அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்ததோ, அதையே எடுத்துப் பாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விவரம் தெரியாத பிள்ளையைவிட இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைதான் இதில் சுலபமாக விழும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிழித்துக் காட்டினேன். உள்ளே வெள்ளிபோல மின்னியது.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பாக்கெட்டில் மேல் ஃபிலிமின் உட்புறத்தில்தான் அச்சு விழும், இடவலம் மாறி. நீங்கள் தொடுவது இங்க்கை அல்ல, பிளாஸ்டிக்கை. பழுப்பு, நார், இலை, அணில் எல்லாம் அந்த ஃபிலிமுக்கு உள்ளே இருக்கும். அதற்குப் பின்னால் முழுக்க வெள்ளை இங்க் ஒரு பூச்சு. வெள்ளை இல்லாவிட்டால் பழுப்பு எடுக்காது, பின்னால் இருக்கிற வெள்ளி மின்னி நார் எல்லாம் அழுக்காகத் தெரியும். வெள்ளைக்குப் பின்னால் பசை. பசைக்குப் பின்னால் அலுமினிய ஆவி படிய வைத்த இன்னொரு ஃபிலிம். ஓரத்தைச் சூட்டில் ஒட்டுவதற்கான அடுக்கு கடைசியில். ஆரஞ்சு பாக்கெட்டிலும் இதே அடுக்குகள்தான் இருந்தன. மாறியது ஒன்றே ஒன்று, மேல் ஃபிலிம் பளபளப்பிலிருந்து மேட் ஆனது. மேட் ஃபிலிம் விரலுக்குக் காகிதம் போலத் தட்டுப்படும். கிலோவுக்கு விலை கொஞ்சம் கூடுதல். பூமிக்காகக் கம்பெனி செய்த செலவு அந்தக் 'கொஞ்சம்'தான், கூடவே என் டிசைன் கூலி.

ஒட்டின அடுக்கைப் பிரிக்க முடியாது. அதனால்தான் பழைய இரும்புக் கடைக்காரர் பால் கவரை எடை போட்டு வாங்குவார், சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார். 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளில் மறுசுழற்சி ஆகாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டே வருடத்தில் ஒழிக்க வேண்டும் என்று எழுதினார்கள். இரண்டு வருடம் முடிகிற நேரத்தில், 2018 மார்ச்சில், அந்த வரியையே திருத்தினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாதது, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு உபயோகமும் இல்லாதது எதுவோ அதை ஒழித்தால் போதும். சிமென்ட் சூளையில் போட்டால் எரியாத பாக்கெட் எது? அதனால் இன்றைக்கும் சரம் தொங்குகிறது, சட்டப்படியே தொங்குகிறது. அதில் எனக்குக் கோபம் குறைவு. அதன் மேல் இலை வைக்கச் சொல்வதில்தான் கோபம்.

டிசைனோடு ஆஃப்செட் வேலைகளும் எங்கள் பிரஸ்ஸுக்கே வந்தன. போஸ்டர், ஸ்டிக்கர், சான்றிதழ். 'பசுமைப் பள்ளி' என்று ஒரு திட்டமாம். ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவரும் பிள்ளைக்கு ஒரு மரக்கன்று, அணில் ஸ்டிக்கர், 'இளம் பூமிக் காவலர்' என்று பெயர் எழுதிக்கொள்ளப் புள்ளிக்கோடு விட்ட சான்றிதழ். கணக்கைப் பாருங்கள். ஒரு மரம் வளர்க்க ஆசைப்படுகிற பிள்ளை முதலில் ஐம்பது ரூபாய்க்கு நொறுக்குத்தீனி தின்ன வேண்டும். தின்னாத பிள்ளைக்கு மரமும் கிடையாது, காவலர் பட்டமும் கிடையாது.

என் அக்கா ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர், தேசிய பசுமைப் படைப் பொறுப்பும் அவளிடம்தான். இந்தத் திட்டம் அவள் பள்ளிக்கும் போயிருக்கிறது. போனில் நான் எகிறியதும் அவள் நிதானமாகக் கேட்டாள். "போஸ்டர் ஒட்ட ஒரு பைசா எங்க கையில இருக்காடா? ஃப்ரீயா கலர் போஸ்டர் குடுத்து, கன்னும் குடுத்து, பிள்ளைகளுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் தர்றான். ஹெச்.எம். வேணாம்னா சொல்வாரு?" அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கன்றுகள் கறுப்பு பாலித்தீன் பையில் வந்தன, நாலைந்து பிழைத்தும் விட்டன. திரும்ப வாங்கின காலிப் பாக்கெட்டுகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். மறுபடி கொண்டுவராமல் இருக்க மூலையைக் கத்தரித்துச் சாக்கில் போட்டார்களாம். சாக்கு பள்ளியின் பொருள் அறையிலேயே கிடந்ததாம். கடைசியில் தூய்மைப் பணியாளர் அக்கா வந்து எடுத்துப் போயிருக்கிறார். தன் பாக்கெட்டைத் தானே திரும்ப எடுக்க வேண்டியது உற்பத்தியாளர் பொறுப்பு என்று அந்த 2016 விதிகளிலேயே இருக்கிறது. பிள்ளைகளே பொறுக்கி, எண்ணி, சாக்கில் கட்டி வைத்ததையும் எடுக்க வண்டி வரவில்லை.

இன்னொன்றும் அவளிடம் சொன்னேன், அது அவளுக்கே புதுச் செய்தி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் போட்ட விதிப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டத்தைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் வரைக்கும் விற்கக் கூடாது, பிள்ளைகளிடம் விளம்பரமும் செய்யக் கூடாது. பாக்கெட்டாக வந்தால் வாட்ச்மேன் மறிக்கலாம். மரக்கன்றாக வந்தால் மாலை போட்டு வரவேற்பார்கள். பிரேயரில் கைதட்டலும் உண்டு.

இந்தக் கலையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இதற்கென்று தேர்ந்த ஆட்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள். மரத்துக்காகப் பேசுகிற லோராக்ஸ் என்ற கதாபாத்திரம் அங்கே பிள்ளைகளிடம் பிரபலம். டாக்டர் சூஸ் 1971ல் எழுதிய புத்தகம். தேவையில்லாத பொருளை எல்லோருக்கும் தேவை என்று விற்று ஒரு காட்டையே மொட்டையடிக்கிற கதை. 2012ல் அது சினிமாவாக வந்தபோது கார் கம்பெனியான மஸ்டா தன் சிஎக்ஸ்-5 என்ற பெட்ரோல் எஸ்யூவியை அந்தப் படத்தின் கார்ட்டூன் காட்டுக்குள் ஓட்டி விளம்பரம் எடுத்தது. காருக்கு 'ட்ரஃபுலா மரச் சான்று' கிடைத்திருக்கிறதாம். ட்ரஃபுலா என்பது கதையில் மட்டும் இருக்கிற மரம். இல்லாத மரத்தின் பெயரில் இல்லாத முத்திரை. பொய் என்று வழக்குப் போடவும் முடியாது, கற்பனைதானே என்பார்கள்.

அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆசிரியர் சங்கத்தின் வாசிப்பு இயக்கத்தோடு கைகோத்துக்கொண்டு காரை ஆரம்பப் பள்ளிகளுக்கே கொண்டுபோனார்கள். உங்கள் அப்பா அம்மா ஷோரூமுக்கு வந்து ஒரு டெஸ்ட் டிரைவ் போனால் பள்ளி நூலகங்களுக்கு 25 டாலர் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார்கள், மொத்தம் 10 லட்சம் டாலர் வரைக்கும். ஐந்து பாக்கெட்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கின் பெரியண்ணன் இது. நம் ஊரில் 2022ல் வந்த விளம்பர நெறிமுறைகள் பெற்றோரை வாங்கச் சொல்லி வற்புறுத்தும்படி பிள்ளைகளை நேரடியாகத் தூண்டக் கூடாது என்கின்றன. பரிசு காட்டித் தேவையில்லாததை வாங்க வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இலைக்கும் அணிலுக்கும் பின்னால் அது நடந்தால் யாருக்கும் உறைப்பதில்லை.

அச்சுத்தொழில்காரனாக என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு சரக்கு. தாலிஸ்மன் எனர்ஜி என்று ஒரு கனடா கம்பெனி. பென்சில்வேனியாவில் பாறையை உடைத்து எரிவாயு எடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கென்று கலரிங் புத்தகம் போட்டார்கள், ஹெல்மெட் மாட்டிய ஒரு டைனோசர் சிரித்தபடி தோண்டும் வேலையை விளக்கும். பக்கங்களைப் புரட்டினால் எரிவாயு எடுத்து முடித்த நிலம் முன்பைவிட அழகாக இருக்கும், வானவில்லும் கழுகுமாக. 2011ல் டிவியில் கிண்டலடித்துக் கிழித்தபிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தேன், கலரிங் புத்தகத்தில் வெறும் கோடுதானே அச்சாகும். கறுப்பு ஒரே கலர், செலவும் மிச்சம். பச்சையைப் பிள்ளையே தன் கையால் அடித்துக்கொள்கிறது. இதைவிடச் சிக்கனமான கிரீன்வாஷிங்கை எந்தப் பிரஸ்ஸிலும் அடிக்க முடியாது.

லெகோ பொம்மை வண்டியில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் சிப்பி முத்திரை பல பத்தாண்டுகள் இருந்தது. அதில் இலைகூடக் கிடையாது, முத்திரை மட்டும். ஷெல் ஆர்க்டிக்கில் எண்ணெய் தோண்டப் பார்த்தபோது கிரீன்பீஸ் அமைப்பினர் லெகோ கட்டைகளாலேயே ஒரு பனிப்பிரதேசம் செய்து அதைக் கறுப்பு எண்ணெயில் மூழ்கடித்து வீடியோ போட்டார்கள். 2014 அக்டோபரில் லெகோ, இந்த ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. எதிர்த்தவர்களும் வாக்கியத்தை நம்பவில்லை, படத்துக்குப் படம் என்று இறங்கினார்கள், வேலை நடந்தது.

பிள்ளைகள் படம் பார்த்து ஏமாந்துகொண்டே இருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த லோராக்ஸ் படம் வெளிவருவதற்குமுன் மாசசூசெட்ஸில் புருக்லைன் என்ற ஊரில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, இதில் மரத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று மனு போட்டார்கள். 50 ஆயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். யுனிவர்சல் கம்பெனி தளத்தை மாற்றியது.

அவ்வளவு தூரம் ஏன், இங்கே பக்கத்தில் தூத்துக்குடியில் 2018ல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் தாங்கள் தின்று போட்ட பிஸ்கட், வேஃபர் கவர்களை இரண்டு வாரம் சேர்த்தார்கள். 20 ஆயிரத்துக்கும் மேல் வந்தது. மாநகராட்சியும் கூட நிற்க, கம்பெனிவாரியாகப் பிரித்து, எந்தக் கம்பெனியின் கவர் எத்தனை என்று எண்ணி, அந்தந்தக் கம்பெனிக்கே பார்சல் போட்டார்கள். கூடவே ஒரு கடிதம். உங்கள் பண்டத்தின் ருசி எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக் கவர்தான் பிடிக்கவில்லை, நீங்களே பத்திரமாக அப்புறப்படுத்துங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல் நாங்கள் சாப்பிடுகிற மாதிரி வேறு கவர் கொண்டுவாருங்கள் என்கிற சாரத்தில். அந்தப் பார்சலையும் எங்கள் 'பசுமைப் பள்ளி' சாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பிள்ளைகள் காலிப் பாக்கெட்தான் பொறுக்கினார்கள். ஒன்று கம்பெனி வாசலுக்குப் போனது, இன்னொன்று பள்ளியின் பொருள் அறையில் கிடந்தது. கம்பெனிக்காரர்கள் முதல் வகைப் பசுமைக்குப் போஸ்டர் அடிக்க எங்களிடம் வந்ததில்லை.

இனி இப்படி எதையாவது பார்த்தால் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் பதியலாம். முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதே, பின்பக்கத்தையும் எடு, அங்கேதான் என்ன பிளாஸ்டிக் என்பதும் உற்பத்தியாளரின் பதிவெண்ணும் எறும்பு எழுத்தில் இருக்கும் என்றேன். பள்ளிக்குள் வந்த போஸ்டர், சான்றிதழ் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். உன் பிரஸ் பேர் அதன் அடியில் இருக்குமே என்று சிரித்தாள். இருக்கட்டும், அச்சிட்டவர் பேர் போடுவது சிவகாசியில் வழக்கம்தான்.

நான் கூலிக்கு வேலை செய்கிறவன். வேண்டாம் என்று நான் சொன்னால் அடுத்த தெருவில் அந்த ஃபோல்டரோடு இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அதே தம்பி மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை கிரீம் பிஸ்கட், 'ஓஷன் ஃபீல்' வேண்டுமாம், அணில் இப்போது ஆமை மேல் உட்கார வேண்டுமாம். செய்துவிடலாம் சார் என்றேன். பின்பக்கம் 'இது பல அடுக்கு பிளாஸ்டிக், மக்காது' என்ற வரியை முன்பக்கத்து ஆமை அளவுக்குப் போடலாமா என்றும் கேட்டேன்.

"அவ்வளவு இடம் இருக்காதுண்ணே" என்றார்.